தண்டையார்பேட்டை வீட்டின் சேமிப்புப் பத்திரங்கள்: கணினிக் கணக்கு எங்கே பிசகியது

2024 டிசம்பர் 31 அன்று இந்த வீட்டின் பத்திரங்களுக்கு க்னூகேஷ் என்ற கணக்கு எழுதும் மென்பொருள் காட்டிய தொகை 12,65,275 ரூபாய். அந்தத் தேதிக்கு இருந்திருக்க வேண்டியது 13,21,875 ரூபாய். வித்தியாசம் 56,600. பதிமூன்று லட்சத்தில் இது நூற்றுக்கு நாலரைகூட இல்லை. "ஏதோ ஒரு வட்டி விட்டுப்போயிருக்கும்" என்று ஒற்றை வரியில் ஒரு சரிக்கட்டுப் பதிவு போட்டு மூடிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்த வீட்டில் அப்படிச் செய்திருந்தால், ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் யாரும் தொடாத ஒரு பழைய வங்கிக் கணக்கைத் தேடிப் போய், சேர முடியாமல் நின்றிருக்கும்.

தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் சில குடும்பங்களுக்கு நான் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒரு வீட்டுக் கணக்கு இது. பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து 2018 ஜனவரியில் ஓய்வு பெற்றவர். பணிக்கொடை, பிஎஃப் எல்லாம் சேர்ந்து கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அரசுப் பத்திரங்களில் போட்டார். பங்குச் சந்தை என்றால் அவருக்கு ஒவ்வாது. ஏலச்சீட்டில் ஒரு தரம் அடிபட்டவர் என்பதால் தனியார் நிதி நிறுவனம் என்றாலும் ஒவ்வாது. மகன் கணினித் துறையில் இருக்கிறார். 2024 தீபாவளி வாக்கில் வீட்டின் மொத்தக் கணக்கையும் க்னூகேஷில் ஏற்றினார். வருஷக் கடைசியில் அப்பாவின் நோட்டுக்கும் கணினிக்கும் ஒத்துப்போகவில்லை என்றதும் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

கையில் இருந்தவை இவை. பெரியவர் பெயரில் 2018 மார்ச் 21 அன்று வாங்கிய 7.75 சதவீத சேமிப்புப் பத்திரம் இரண்டு: மூன்று லட்சத்துக்கு ஒன்று, அதில் வட்டி உள்ளேயே சேர்ந்து கடைசியில் மொத்தமாக வரும், இரண்டு லட்சத்துக்கு இன்னொன்று, அதில் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். பிறகு 2021 நவம்பரில் ஐந்து லட்சத்துக்கு ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம். அம்மா பெயரில் 2020 செப்டம்பரில் தபால் நிலையத்தில் ஒரு லட்சத்துக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம், அதாவது என்எஸ்சி. அதே வருஷம் ஆகஸ்ட்டில் வங்கிக் கிளையில் வாங்கிய 20 கிராம் தங்கப் பத்திரம். தங்கத்தின் விலை தினம் மாறுகிறது என்பதால் மேலே சொன்ன இரண்டு மொத்தத்திலும் அதைச் சேர்க்கவில்லை. அதன் கதை தனி.

எல்லாவற்றையும் பங்காக்கிய தவறு

மகன் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. அவர் முதலில் ஏற்றியது தன் மியூச்சுவல் ஃபண்டுகளை. யூனிட் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும், மென்பொருள் அன்றைய என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, இணையத்திலிருந்து இழுத்துப் பெருக்கி மதிப்பைக் காட்டிவிடும். அது அழகாக வேலை செய்தது. பத்திரமும் முதலீடுதானே என்று அதையும் அதே வகையில் போட்டார்: மூன்று லட்சம் என்பது ஆயிரம் ரூபாய் விலையில் 300 யூனிட். விலையை இழுக்கச் சொன்னால் எதுவும் வரவில்லை. வராது. இந்தப் பத்திரங்களை இன்னொருவருக்கு விற்க முடியாது, என்எஸ்சி தவிர மற்றவற்றை வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு யார் விலை சொல்வார்கள்? ஆகவே விலைப் பட்டியலில் அவரே கையால் எண்களை அடித்தார். பிசகு முழுவதும் அங்கேதான் நுழைந்தது.

பங்குக்கு மதிப்பு வெளியிலிருந்து வருகிறது. சேமிப்புப் பத்திரத்துக்கு மதிப்பு அதன் உள்ளேயே இருக்கிறது: அசல், வாங்கிய தேதி, வட்டி வீதம், வட்டி உள்ளே தங்குமா வெளியே வருமா. இந்த நாலும் தெரிந்தால் எந்தத் தேதிக்கும் மதிப்பைச் சொல்லிவிடலாம். இதில் நாலாவதுதான் பெரும்பாலும் தவறவிடப்படுவது. இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது, அதுவும் எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை.

முதல் பத்திரத்தில், அதாவது மூன்று லட்சத்தில், வட்டி உள்ளே சேர்கிறது. மகன் அதை ஆயிரம் ரூபாய் விலையிலேயே விட்டுவிட்டார், ஏனென்றால் வங்கிக் கணக்கில் வட்டி எதுவும் வந்து விழவில்லை. வரவு இல்லையென்றால் வளர்ச்சியும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அரையாண்டுக்கு 3.875 சதவீதம் கூட்டு வட்டியில் அது ஏறிக்கொண்டே இருந்தது. 2024 செப்டம்பரோடு பதின்மூன்று அரையாண்டு முடிந்தபோது அதன் மதிப்பு 4,91,773. மென்பொருளில் 3,00,000. ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஓராயிரம் ரூபாய் காணவில்லை.

ஐந்து லட்சம் மாறும் வட்டிப் பத்திரத்தில் இதற்கு நேர்மாறு. இந்தப் பத்திரத்தில் வட்டியை உள்ளேயே விட்டுவைக்கும் வாய்ப்பே கிடையாது. ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் வட்டி வங்கிக்கு வந்துவிடும். அசல் ஏழு வருஷமும் ஐந்து லட்சமாகவே நிற்கும். மகன் இணையத்தில் அப்போதைய வீதம் 8.05 சதவீதம் என்று பார்த்து, 2021 நவம்பரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை விலையை 8.05 சதவீதம் ஏற்றிப் பதிந்திருந்தார். மூன்று ஏற்றத்தில் 6,30,731 ஆகிவிட்டது. அதே வட்டி வங்கிக் கணக்கிலும் வரவாக இருந்தது. ஒரே பணம் இரண்டு இடத்தில்.

என்எஸ்சியிலும் ஒரு சின்ன மிகை: 1,30,102 இருக்க வேண்டிய இடத்தில் 1,34,544. இந்த மூன்றையும் கூட்டிக் கழித்தால்தான் 56,600. ஒன்று லட்சத்துக்கு மேல் குறைவு, இன்னொன்று லட்சத்துக்கு மேல் கூடுதல், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சமாகச் சாதுவான ஒரு எண்ணை வைத்துவிட்டுப் போயிருந்தன. மொத்தம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதால் உள்ளே எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீதம் எது, யாருடைய வீதம்

என்எஸ்சி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாறும் வட்டிப் பத்திரம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

என்எஸ்சி வாங்கும் நாளில் என்ன வீதமோ அதுவே ஐந்து வருஷமும். அம்மா வாங்கியது 2020 செப்டம்பரில், அப்போது 6.8 சதவீதம். 2023 ஏப்ரலில் அரசு அதை 7.7 ஆக்கியது. அது அன்றிலிருந்து புதிதாக வாங்குகிறவர்களுக்கு. அம்மாவின் பத்திரம் 6.8-லேயே நிற்கும். மகன் 7.7 என்று இணையத்தில் பார்த்ததைத் தொடக்கத்திலிருந்தே போட்டுவிட்டார்.

மாறும் வட்டிப் பத்திரத்தின் வீதம் எப்படி வருகிறது என்றால், அந்தந்த நேரத்தில் புது என்எஸ்சிக்கு என்ன வீதமோ அதற்கு மேல் 0.35 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு நிர்ணயம். ஆக, அம்மாவின் பழைய என்எஸ்சிக்குப் பொருந்தாத அந்த 7.7, அப்பாவின் பத்திரத்துக்குப் பொருந்தும். பெரியவரிடம் இதைச் சொன்னதும், "அவளுது ஏறாது, அவளால எனுது ஏறும்" என்று சுருக்கிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொன்னது எழுதத் தக்கதல்ல.

இதில் இன்னொரு நுணுக்கம். 2023 ஜூலை 1 முதல் வீதம் 8.05 என்று அறிவித்தார்கள். அன்றைக்கே வங்கியில் வட்டியும் வந்தது. ஐந்து லட்சத்துக்கு 8.05-இல் பாதி 20,125 வர வேண்டும், ஆனால் 18,375தான் கணக்கிடப்பட்டிருந்தது. வங்கி 1,750 குறைத்துவிட்டது என்பது மகனின் சந்தேகம். குறைக்கவில்லை. ஜூலை 1 அன்று கிடைப்பது ஜனவரி முதல் ஜூன் வரையிலான வட்டி. அந்த அரையாண்டின் வீதம் 7.35. அதற்கு முந்தைய முழுத் தவணைகள் 7.15-இல், 17,875 வீதம். 8.05-இன் முதல் தவணை 2024 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அறிவிப்பு வருகிற நாளும் பழைய வட்டி விழுகிற நாளும் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம் இது. நல்ல பக்கமும் உண்டு: அடுத்த தவணை எவ்வளவு என்பது ஆறு மாதம் முன்னாலேயே உறுதியாகத் தெரிந்துவிடுகிறது.

மென்பொருள் பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் சேமிப்புப் பத்திரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஐ வரிசைப் பத்திரத்துக்கு மே, நவம்பர் மாதங்களில் புது வீதம் அறிவிப்பார்கள். வட்டி உள்ளேயே சேரும். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்தால் கடைசி மூன்று மாத வட்டி போகும். இஇ வரிசைப் பத்திரம் இருபது வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று அந்நாட்டு அரசே உறுதி தருகிறது. மதிப்பை ஏற்றிக்கொண்டே போ என்று அந்த வழிகாட்டிகள் சொல்வது அவற்றுக்குச் சரி. நம் மாறும் வட்டிப் பத்திரத்துக்கு அதைச் செய்தால் ஆறு லட்சத்து முப்பதாயிரம்தான் வரும்.

தங்கத்துக்கு மட்டும் விலை வேண்டும்

மகன் விலைப் பட்டியலைப் பயன்படுத்த வேண்டிய ஒரே இடம் தங்கப் பத்திரம். அங்கே பயன்படுத்தவும் செய்தார், ஆனால் வேறு தங்கத்தின் விலையை.

சென்னையில் தங்கம் என்றால் காலையில் செய்தியில் வரும் 22 காரட் ஆபரணத் தங்கம், கிராமுக்கு இவ்வளவு, சவரனுக்கு இவ்வளவு. தங்கப் பத்திரத்தின் கணக்கு 999 சுத்தத் தங்கத்துக்கு, அதாவது 24 காரட்டுக்கு. முதிர்வின்போது மும்பையின் ஐபிஜேஏ என்ற தங்க வணிகர் சங்கம் வெளியிடும் விலையில், கடைசி மூன்று வேலை நாள்களின் சராசரியைத்தான் கொடுப்பார்கள். இருபத்துநாலில் இருபத்திரண்டு பங்கு என்று போட்டால் நூற்றுக்கு எட்டு ரூபாய் குறைத்தே காட்டும். சவரன் விலையை இரண்டரையால் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை அம்மாவால் விட முடியவில்லை. மனக்கணக்குக்கு அது போதும், ஏட்டுக்குப் போதாது.

இந்தப் பத்திரம் 2020-21-இன் ஐந்தாம் தொகுப்பு, கிராம் 5,334 ரூபாய்க்கு வந்தது. இருபது கிராமுக்கு 1,06,680. அதற்கு வருஷம் 2.5 சதவீத வட்டி, அரையாண்டுக்கு 1,333.50 ரூபாய். தங்கம் எவ்வளவு ஏறினாலும் வட்டி இந்த வாங்கிய விலைக்குத்தான். "தங்கம் ஏறுது, வட்டி மட்டும் ஏன் அதே ஆயிரத்து முந்நூறு?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அது. ஆக மென்பொருளில் தங்கத்துக்கென்று கிராம் அளவில் ஒரு பண்டத்தை உண்டாக்கி, மாதம் ஒருமுறை 999 விலையை ஏற்றினால் போதும். வட்டியைத் தனி வருமானமாக, நிலையான தொகையாகப் பதிய வேண்டும். தினமும் விலை ஏற்றுவது பொழுதுபோக்கு, கணக்கு வேலை இல்லை.

புதிதாகக் கட்டியது

பழைய பதிவுகளைத் திருத்தாமல், பங்கு வகையிலிருந்த பத்திரக் கணக்குகளை முழுசாக நீக்கிவிட்டு, சாதாரண சொத்து வகையில் புதுக் கணக்குகள் திறந்தோம். சேமிப்புப் பத்திரங்கள் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஒவ்வொரு வாங்குதலுக்கும் ஒரு கணக்கு. ஒரே நாளில் வாங்கிய இரண்டு 7.75-ஐயும் தனித்தனியாகத்தான் வைத்தோம், ஒன்றின் நடத்தை வேறு, மற்றதின் நடத்தை வேறு என்பதால்.

கணக்கின் பெயரை வாங்கிய தேதியில் தொடங்காமல் முதிரும் தேதியில் தொடங்கச் சொன்னேன். 2025-03-21 என்று தொடங்கினால் பட்டியலில் எது முதலில் முதிருமோ அது தானாக மேலே வந்து நிற்கும். வாங்கிய தேதியை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முதிரும் தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 7.75 சதவீதப் பத்திரத்துக்கும் சரி, மாறும் வட்டிப் பத்திரத்துக்கும் சரி, முதிர்வுக்குப் பிறகு ஒரு நாளுக்குக்கூட வட்டி இல்லை.

வட்டியை இரண்டு தலைப்பாகப் பிரித்தோம். கைக்கு வந்த வட்டி ஒன்று, உள்ளே திரண்ட வட்டி ஒன்று. உள்ளே திரள்வதை அரையாண்டுக்கு ஒருமுறை பத்திரக் கணக்கில் பற்று, திரண்ட வட்டியில் வரவு என்று போட வேண்டும். இதைப் பிரிக்காமல் ஒரே வட்டித் தலைப்பில் கொட்டினால் வரிக் கணக்கு எழுதும்போது தலை சுற்றும். காரணம், பெரியவர் இதுவரை எந்த வருஷமும் திரண்ட வட்டியை வருமானமாகக் காட்டியதில்லை. காட்டியிருக்கலாம், சட்டம் இடம் தருகிறது. முதல் வருஷத்தில் 23,700 என்று தொடங்கிச் சிறிது சிறிதாகக் காட்டி முடித்திருக்கலாம். காட்டாமல் வந்துவிட்டபடியால் கைக்கு வரும் வருஷத்தில் மொத்தமும் அந்த ஒரே வருஷத்து வருமானம்.

கைக்கு வரும் வட்டியில் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, இன்னொரு இடறல். 2025 ஜனவரி 1 அன்று மாறும் வட்டிப் பத்திரத்துக்கு வங்கியில் விழுந்தது 18,112. மகன் வங்கி அறிக்கையை அப்படியே இறக்கியதில் அதுவே வருமானமாக உட்கார்ந்துவிட்டது. வருமானம் 20,125, அதில் 2,013 வரியாகப் பிடித்தது. அந்த 2,013 செலவு இல்லை, அரசிடம் நமக்கு வர வேண்டிய பணம். ஆகவே மூன்று கால் உள்ள பதிவு: வட்டி வருமானம் 20,125 வரவு, வங்கி 18,112 பற்று, டிடிஎஸ் பாக்கி 2,013 பற்று. வருஷக் கடைசியில் டிடிஎஸ் கணக்கின் மொத்தமும் பிடித்த வரியைப் பட்டியலிடும் வரித் துறையின் படிவம் 26ஏஎஸ் காட்டும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரியவரின் நோட்டில் இந்த மூன்று எண்ணும் ஒரே வரியில் இருந்தன: வந்தது, பிடித்தது, மொத்தம். வடசென்னையில் ஒரு குயர் நோட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவரை நான் எந்த மென்பொருளுக்கும் குறைவாக மதிப்பதில்லை.

பிறகு தானே வரும் பதிவுகள். க்னூகேஷில் குறித்த தேதியில் பதிவு உருவாகும்படி வைக்கலாம், எத்தனை நாள் முன்னால் நினைவூட்ட வேண்டும் என்றும் சொல்லலாம். தொகை இருக்கும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், பதிவு உருவாகும்போது "தொகை என்ன?" என்று நம்மைக் கேட்கும். மாறும் வட்டிப் பத்திரத்துக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். இரண்டு லட்சம் 7.75-க்கு ஒவ்வொரு பிப்ரவரி 1, ஆகஸ்ட் 1 அன்றும் 7,750 என்று நிலையாக வைக்கலாம், முதலும் கடைசியும் தவிர. மார்ச் 21-இல் வாங்கியதால் முதல் தவணை ஜூலை 31 வரைக்கும் மட்டும், 5,600 சொச்சம்; கடைசித் தவணை பிப்ரவரி 1-லிருந்து முதிர்வு வரைக்கும் மட்டும், 2,000 சொச்சம்.

என்எஸ்சிக்கு வருஷத்துக்கு ஒரு பதிவு: 6,800, பிறகு 7,262, 7,756, 8,284, கடைசியாக 8,847. அதோடு முடிந்தது.

மார்ச் 21

வேலையின் பெரும் பலன் கணக்கில் வரவில்லை. கணக்கைச் சுற்றியுள்ள குறிப்பில் வந்தது.

ஒவ்வொரு கணக்குக்கும் மென்பொருளில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அதில் மூன்று விஷயம் கட்டாயம் எழுதச் சொன்னேன்: பத்திரப் பேரேட்டுக் கணக்கு எண், நாமினி யார், பணம் எந்த வங்கிக் கணக்கில் விழும். முதல் இரண்டும் ரசீதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். மூன்றாவதில் இரண்டு லட்சம் பத்திரத்துக்கும் ஐந்து லட்சம் பத்திரத்துக்கும் பென்ஷன் கணக்கு. மூன்று லட்சம் பத்திரத்துக்கு மட்டும் வேறு: பெரியவர் வேலையில் இருந்தபோது சம்பளம் வாங்கிய பழைய கணக்கு. ஓய்வுக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. அந்தப் பத்திரத்திலிருந்து இடையில் வட்டி எதுவும் வரவேண்டியதில்லை என்பதால் யாரும் கவனிக்கவும் இல்லை.

2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. அந்தச் சம்பளக் கணக்கு இருந்த வங்கியும் அதில் ஒன்று. பெயர் மாறியது, கிளை வேறொரு கிளையோடு சேர்ந்தது, ஐஎஃப்எஸ்சி மாறியது. பத்திரப் பதிவில் பழைய ஐஎஃப்எஸ்சி. பணம் அனுப்பினால் போய்ச் சேராது. திரும்பி வந்து, பத்திரம் கொடுத்த வங்கியிலேயே வட்டியில்லாமல் கிடக்கும். யாராவது தேடிப் போகிறவரை.

இது ஜனவரிக் கடைசியில் தெரிந்தது. பிப்ரவரியில் பெரியவரும் மகனும் கிளைக்குப் போய்ப் பென்ஷன் கணக்கின் ரத்து செய்த காசோலையைக் கொடுத்துக் கணக்கு எண்ணை மாற்றினார்கள். அதே நாளில், வரி வராது, அதனால் பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் 15எச் படிவமும் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம், புது ஏட்டில் அது சில நிமிட வேலை. பென்ஷன் வருஷத்துக்கு 3,36,000. நிலையான கழிவு 75,000 போனால் 2,61,000. மூன்று லட்சம் பத்திரத்தின் வட்டி 2,10,900. மாறும் வட்டிப் பத்திரத்தில் 40,250. இரண்டு லட்சத்தில் முறிந்த தவணையோடு சேர்த்து 17,500 போல. எல்லாம் கூட்டினால் 5.30 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2024-25-இல் புதிய வரி முறையில் ஏழு லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருந்தது, ஆக வரி பூஜ்யம். படிவம் கொடுக்காவிட்டால் 2,10,900-இல் பத்து சதவீதமான 21,090-ஐப் பிடித்துக்கொண்டு, பிறகு ரிட்டன் போட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பென்ஷன் மாதம் ஐம்பதாயிரம் என்றால் கதை மாறியிருக்கும். ஏழு லட்சத்தைத் தாண்டியிருக்கும், ஒரே வருஷத்தில் வந்து குவியும் வட்டிக்கு வரி கட்ட நேர்ந்திருக்கும். உள்ளே சேரும் பத்திரம் வாங்குகிறவர்கள் முதல் வருஷத்திலேயே எந்த முறையில் வட்டியைக் காட்டப்போகிறோம் என்று தீர்மானித்துவிடுவது நல்லது. ஏழாவது வருஷத்தில் யோசிக்க இடமிருக்காது.

மார்ச் 21 அன்று 5,10,900 முழுசாக வந்தது. மென்பொருளில் பதினாலு அரையாண்டு கூட்டு வட்டி போட்டு வந்த எண் 5,10,829. எழுபத்தோரு ரூபாய் கூடுதல். மகனுக்கு அது பொறுக்கவில்லை. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். சூத்திரம் சரிதான். 7.75 சதவீதப் பத்திரத்துக்கு அரசு அறிவித்த முதிர்வுத் தொகை ஆயிரத்துக்கு 1,703 என்று முழு ரூபாயில் இருக்கிறது. கணக்குப்படி 1,702.76. கிட்டத்தட்ட இருபத்துநாலு பைசாவான அந்த வித்தியாசம்தான் முந்நூறு பத்திரத்துக்கு எழுபத்தோரு ரூபாயாகிறது. இப்படிப்பட்ட இடத்தில் அறிவித்த தொகையை ஒப்புக்கொண்டு, மிச்சத்தைத் திரண்ட வட்டியில் சேர்த்து முடித்துவிட வேண்டும். பெரியவர் 2018-லேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் "2025 மார்ச் – 5,10,900" என்று எழுதி வைத்திருந்தார்.

"அண்ணா, அப்போ இதுக்கு சாஃப்ட்வேரே வேணாமா?" என்று மகன் கேட்டார். வேண்டும். நோட்டு, தேதி வந்ததும் கூப்பிடாது. பென்ஷனையும் மூன்று பத்திர வட்டியையும் சேர்த்து வரி எவ்வளவு என்று பிப்ரவரியிலேயே சொல்லாது. அப்பா படுத்துவிட்டால் அடுத்தவருக்கு எது எங்கே என்று புரியாது. ஆனால் மென்பொருளும் நாமாகத் தராத எதையும் அறியாது. ரசீதை எடுத்துப் பார்த்து எண்ணை அடிப்பது ஒரு மனிதன் செய்ய வேண்டிய வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வட்டி விழுந்த வாரத்தில், பத்திரப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு அப்பாவின் நோட்டில் ஒட்டும்படியும் சொன்னேன். கணினி கடவுச்சொல் மகனுக்கு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதிர்ந்த பணத்தில் மூன்று லட்சத்தை மறுபடி மாறும் வட்டிப் பத்திரத்தில் போட்டார்கள். அது புது வாங்குதல், ஆகவே புதுக் கணக்கு, 2032 என்று தொடங்கும் பெயர். பழைய ஐந்து லட்சத்தோடு சேர்த்து எட்டு லட்சமாக ஒரே கணக்கில் எழுதலாமா என்று மகன் கேட்டார். வீதம் இரண்டுக்கும் ஒன்றுதான், வட்டித் தேதியும் ஒன்றுதான், ஆனால் முதிர்வு வேறு. முன்கூட்டியே எடுக்கும் நாளும் வேறு: அறுபதிலிருந்து எழுபது வயதுக்குள் இருப்பவர்கள் ஆறு வருஷம் கழித்தே எடுக்கலாம், எடுத்தால் கடைசி அரையாண்டு வட்டியில் பாதி போகும். அந்த ஆறு வருஷம் ஒவ்வொரு வாங்குதலுக்கும் தனியாக ஓடும். சேர்க்க வேண்டாம் என்றேன்.

அம்மாவின் என்எஸ்சி 2025 செப்டம்பரில் 1,38,949 ஆக முதிர்ந்தது. அது தானாக வங்கிக்கு வராது. தபால் நிலையத்துக்குப் போய்ப் படிவம் கொடுத்து வாங்க வேண்டும். நினைவூட்டல் பதினைந்து நாள் முன்னால் வந்தது. தங்கப் பத்திரத்துக்கு ஐந்து வருஷம் முடிந்ததால் இப்போது ஒவ்வொரு வட்டித் தேதியிலும் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் இரண்டு நினைவூட்டல் வைத்திருக்கிறோம். எடுப்பதா, 2028 ஆகஸ்ட் வரை வைப்பதா என்று அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை.